மார்கழியில் மாவு பொங்கலையா?

மாலை அரைத்த இட்லி மாவு விடிந்தும் அசையாமல் கிடக்கிறதா? புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் குளிரில் மந்தமாகிவிடும். 30 டிகிரி வாக்கில்தான் சுறுசுறுப்பு.

1. கடைசியில் வெதுவெதுப்பான நீர் விட்டு அரையுங்கள். கொதிநீர் ஆகாது, நுண்ணுயிர்கள் செத்துவிடும்.

2. உப்பைக் காலையில் போடுங்கள். அது புளிப்பதைத் தாமதப்படுத்தும்.

3. பாத்திரத்தில் பாதியளவே ஊற்றி, வெந்நீர்த் தாம்பாளத்தில் வைத்து, பழைய போர்வையைச் சுற்றுங்கள், சூடு தங்கும். கரண்டி விட்டால் நுரை மெல்லச் சரசரக்க வேண்டும். அதுதான் பதம், கடிகாரத்தை நம்பாதீர்கள்.

4. பொங்கியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். அங்கும் புளிப்பு ஏறும், மெதுவாக.

சித்திரையில் எல்லாம் தலைகீழ்: ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்து, உப்பை அப்போதே போடுங்கள். கிரைண்டர் சூடே மாவைச் சீக்கிரம் புளிக்க வைத்துவிடும்.