ஆறு அறை, நாலு பேர்

அன்புள்ள கயல்விழிக்கு,

மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் உங்கப்பாவின் ஆறு அறை லாட்ஜை இனி நீதான் பார்த்துக்கொள்ளப் போகிறாய் என்று அக்கா போனில் சொன்னாள். வேலைக்கு நாலு பேர். "இவங்களுக்கு எங்கே போய் டிரெயினிங் கொடுக்கிறது?" என்று அவளிடம் கேட்டாயாம்.

நியாயமான கேள்விதான். தரமணியிலும் திருச்சி துவாக்குடியிலும் ஓட்டல் நிர்வாகக் கல்லூரிகள் இருக்கின்றன. மத்திய சுற்றுலா அமைச்சகம் 2009-10இல் தொடங்கிய 'ஹுனர் சே ரோஸ்கார் தக்' திட்டத்தில் ஆரம்பத்தில் பரிமாறும் வேலைக்கு 6 வாரம், சமையலுக்கு 8 வாரம் பயிற்சி இருந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் நாலு பேரில் ஒருவரை வாரக்கணக்கில் அனுப்பிவிட்டால் அறையை யார் பெருக்குவது? கற்றுக்கொண்டவன் பெரிய ரிசார்ட்டுக்குப் போய்விடுவானோ என்ற பயம் வேறு. அந்தப் பயத்தில் கொடைக்கானலில் லாட்ஜைப் பார்த்துக்கொண்டபோது நான் பத்து வருஷம் யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்படியும் ஆள் போவது நிற்கவில்லை.

பாடத்தை வேலைக்குள்ளேயே வை. ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல். மத்தியானம் வடித்த சாதத்தை மேடைமேலேயே விட்டு, ராத்திரி ஃப்ரைடு ரைஸ் போடுவது சின்ன ஓட்டல்களில் வழக்கம். "வெளியே வைக்காதீங்க" என்று மட்டும் சொன்னால், நீ பக்கத்தில் நிற்கும்வரைதான் மாஸ்டர் கேட்பார். அரிசியில் பசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கும். கொதியிலும் அவை தப்பிவிடும். சாதம் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் மணிக்கணக்கில் கிடந்தால் கிருமி பெருகி நஞ்சு விடும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு, மறுபடி வாணலியில் போட்டுப் புரட்டினாலும் அழியாது. சூடு பண்ணினால் சரியாகிவிடும் என்று காலமெல்லாம் நம்பியவருக்கு இது புதுச் செய்தி. தனியாகக் கூப்பிட்டு, மரியாதையாகச் சொல். அடுப்பு வேலை உன்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். விஷயம் பிடிபட்டால் சாதத்தை அவரே அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் ஏற்றுவார். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபோஸ்டாக் பயிற்சி என்று ஒன்று இருக்கிறது. முதலில் நீ போய் உட்கார்ந்துவிட்டு வா.

சொல்லிக்கொடுக்கவும் ஒரு முறை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அனுபவமில்லாத ஆட்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நாலு படி வகுத்தார்கள். படுக்கை விரிக்க அதையே வைத்துக்கொள். முதலில் ஆளின் பதற்றத்தைப் போக்கு. பிறகு விரித்துக் காட்டு. எந்த இடத்தில் கவனம் வேண்டும், ஏன் என்று சொல். அடுத்து அவனை விரிக்கவிட்டு, அந்தக் காரணங்களை அவன் வாயாலேயே சொல்லவை. கடைசியாகத் தனியே விட்டுவிட்டு, அவ்வப்போது போய்ப் பார். நாம் பெரும்பாலும் இரண்டாவது படியில் பாதியோடு எழுந்துவிடுகிறோம்.

ஆள் பயந்தால் எதுவும் நம் காதுக்கு வராது. கொடைக்கானலில் ஒரு தடவை கண்ணாடி ஜக்கை உடைத்த ரூம் பையனை விருந்தினர் முன்னாலேயே திட்டினேன். சம்பளத்திலும் பிடித்தேன். சில மாதம் கழித்து ஓர் அறையில் கீசர் சுவிட்ச் தீப்பொறி பறந்து கருகியது. உள்ளே ஒரு கைக்குழந்தை இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சுவிட்ச் சூடாவது மூன்று நாளாக அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்கிறது. "சொன்னா நான்தான் உடைச்சேன்னு சொல்வீங்க சார்" என்றான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அதிலிருந்து தினமும் காலை டீக்கு எல்லோரும் ஒன்றாக உட்காருவோம். நேற்று எது பழுதானது, எது தப்பாகப் போனது என்று பேசுவோம். முதலில் நான் என் தப்பைச் சொல்வேன். பத்து நிமிஷம்தான். உன் லாட்ஜிலும் இதை உடனே தொடங்கு.

டிசம்பரில் நாட்டிய விழாக் கூட்டம் வந்தால் மூச்சுவிட நேரமிருக்காது. இப்போது ஆடி மாதம், அறைகள் காலி. கற்றுக்கொள்ள இதுதான் நேரம். வெளிநாட்டு விருந்தினர் வந்த 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை ஆன்லைனில் பதிய வேண்டும். உங்கப்பாவைத் தவிர அங்கே வேறு யாருக்கும் அதைச் செய்யத் தெரியாதாம். அவரிடம் நீ கற்றுக்கொள். ரிசப்ஷன் பையனையும் பக்கத்தில் உட்காரவை. ஆடிப்பெருக்குக்கு நான் வருகிறேன். அந்தப் பையன் எனக்குச் செய்து காட்டட்டும்.

அன்புடன்,
உன் மாமா