பழைய சாமானை ஆன்லைனில் விற்கப் போகிறீர்களா?

கொழிஞ்சாம்பாறையில் ஒரு பழைய ஃபிரிட்ஜை ஓஎல்எக்ஸில் போட்டால் முதலில் வந்து விழுவது 'அவைலபிளா?' என்ற ஒற்றை வார்த்தை. பதில் போட்டதும் 'லாஸ்ட் எத்ர?' என்று மலையாளத்தில் ஒருவர், 'ஃபைனலா எவ்வளவு சார்?' என்று பொள்ளாச்சியிலிருந்து ஒருவர். விலையைச் சொன்னதும் இருவரையும் காணோம். 'ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வரேன்' என்றவரை நம்பி ஊருக்குப் போகாமல் வீட்டில் காத்திருந்தவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். குமுளி, மறையூர், மூணாறு பக்கம் இதோடு மலைப்பாதையும் சிக்னல் கிடைக்காத போனும் சேர்ந்துகொள்கின்றன.

இந்த அலைச்சலில் பெரும்பகுதி, விளம்பரம் போடுவதற்கு முன்பே சில முடிவுகளை நாமே எடுத்து வைத்தால் குறைந்துவிடும். விலை, இடம், பணம் வாங்கும் விதம் ஆகியவற்றை 'அவர் வரட்டும், பார்க்கலாம்' என்று விட்டால் நம் நேரம்தான் வீணாகும். கேரளம், தமிழ்நாடு என இரண்டு மாநில விதிகள் குறுக்கிடும் எல்லைப் பகுதிக்கென்றே சில சங்கதிகள் உண்டு. அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

1. இரண்டு விலைகளை முடிவு செய்யுங்கள். ஒன்று விளம்பரத்தில் போடுவது, மற்றது அதற்குக் கீழே இறங்கவே மாட்டோம் என்பது. இரண்டாவது விலை வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். நீங்கள் வெளியே போன நேரத்தில் அப்பாவோ மகளோ போனை எடுத்து வேறு கணக்குச் சொல்லிவிட்டால் பேரம் அங்கேயே கெட்டுவிடும். எட்டு வருடத்துக்கு முன் என்ன கொடுத்து வாங்கினோம் என்பதை வாங்குபவர் பார்ப்பதில்லை. அதே அளவுள்ள புதுப் பொருள் இன்று தள்ளுபடி போக என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று பாருங்கள். பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும்.

2. உங்கள் வாடிக்கையாளர் பெரும்பாலும் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். குமுளிக்காரருக்கு இடுக்கியின் பல ஊர்களைவிடக் கம்பம் பக்கம். மறையூருக்கு உடுமலை, வேலந்தாவளத்துக்குக் கோவை, கோபாலபுரத்துக்குப் பொள்ளாச்சி. ஆனால் ஓஎல்எக்ஸில் பலர் தங்கள் ஊரையோ மாவட்டத்தையோ தேர்ந்துகொண்டுதான் தேடுகிறார்கள். தேனி என்று தேர்ந்தவர் கண்ணில் குமுளி விளம்பரம் படாமல் போகலாம். அதனால் விவரம் எழுதும் இடத்தில் 'கம்பத்திலிருந்து சுமார் 22 கிலோமீட்டர்' என்பதுபோல் பக்கத்து ஊரின் பெயரையும் தூரத்தையும் எழுதுங்கள். அந்தப் பக்கத்து வாட்ஸ்அப் குரூப் எதிலாவது சொந்தக்காரர் இருந்தால் அவர் மூலமும் போடச் சொல்லுங்கள். தெரிந்தவர் வழியாக வருபவர் சொன்ன நேரத்துக்கு வருவார்.

3. கம்பெனி பெயர், மாடல், லிட்டர் அளவு ஆகியவற்றைப் பொருளின் மேல் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே ஆங்கில எழுத்தில் தலைப்பில் போடுங்கள். தேடுபவர்கள் அப்படித்தான் தேடுகிறார்கள். கீழே தமிழில் இரண்டு வரி, மலையாளத்தில் இரண்டு வரி. மலையாளம் எழுத வராது என்றால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளிடம் கேளுங்கள்.

4. குறையை முதலிலேயே படம் எடுத்துப் போடுங்கள். துரு, கீறல், உடைந்த கைப்பிடி எல்லாம் தெரியட்டும். மழைக்காலத்தில் ஹைரேஞ்சில் வைத்திருந்த சாமானில் பூஞ்சையும் துருவும் இருக்குமா என்று கீழே இருந்து வருபவர் சந்தேகப்படுவது இயல்புதான். மறைத்து வைத்த குறை வாசலில் வெளிப்பட்டால், எழுபது கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்த மனிதர் கோபத்தில் பாதி விலைக்குக் கேட்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. மிஷின் ஓடுவதைக் காட்டும் ஒரு நிமிட வீடியோ எடுத்து வைத்துக்கொண்டால் பாதிக் கேள்விகளுக்கு அதுவே பதில். படத்தின் பின்னணியில் பிள்ளைகள், பீரோ, கதவிலக்கம் எதுவும் தெரியக் கூடாது.

5. ஃபிரிட்ஜ், டிவி, வாஷிங் மிஷின் என்றால் ஓணத்துக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே விற்றுவிடுங்கள். ஆடி முடிந்து மலையாளச் சிங்ஙம் மாதம் பிறந்ததும் கேரளக் கடைகளில் புதுச் சாமானுக்குத் தள்ளுபடியும் எக்ஸ்சேஞ்சும் தொடங்கிவிடும், பழையதற்கு மதிப்பு இறங்கும். எக்ஸ்சேஞ்சில் கடைக்காரர் என்ன தருவார் என்பதையும் விசாரியுங்கள். அலைச்சல் இல்லாமல் அதே பணம் கிடைக்குமென்றால் அதுவே நல்லது. ஏர்கூலரை மூணாறில் யாரும் சீண்ட மாட்டார்கள். பிப்ரவரி கடைசியில் பாலக்காடு, தேனி பக்கம் போட்டால் போகும். கிரைண்டருக்குக் காலமே கிடையாது. கோவையில் செய்ததென்றால் உதிரி பாகம் கிடைக்கும் என்பதால் எப்போதும் ஆள் உண்டு.

6. 'அவைலபிளா?' என்பவருக்கு ஒரே பதிலைத் தயாராக எழுதி வைத்து அனுப்புங்கள்: இருக்கிறது, விலை இவ்வளவு, பார்க்க வர வேண்டிய இடம் இது, மாலை இந்த நேரத்துக்குள் கூப்பிடலாம். அதன் பிறகும் வெறும் 'லாஸ்ட்' மட்டும் கேட்பவரிடம், பொருளை நேரில் பார்த்த பிறகே பேரம் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். 'எனக்காக எடுத்து வையுங்கள்' என்பவரிடம் எதுவரை என்று தேதி கேளுங்கள். ஒரு சிறு அட்வான்ஸ் தராதவருக்காக மற்றவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

7. பணம் விஷயத்தில் ஒன்றை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்: பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் தேவையே இல்லை. க்யூஆர் கோடு ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. இரண்டுமே பணம் கொடுப்பவர் செய்ய வேண்டியவை. வாங்குபவராக வரும் மோசடிக்காரர் முதலில் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்வார், அடையாள அட்டைப் படமும் அனுப்புவார். சூலூர், மதுக்கரை என்று நமக்குத் தெரிந்த முகாம் பெயரைக்கூடச் சொல்லலாம். பேரம் பேச மாட்டார், கேட்ட விலைக்கு உடனே ஒப்புக்கொள்வார், 'நான் வர முடியாது, ஆள் அனுப்புகிறேன்' என்பார். பிறகு ஒரு க்யூஆர் கோடு வரும். நம்பிக்கை வர முதலில் அஞ்சோ பத்தோ அனுப்பியும் காட்டுவார். அடுத்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் போட்டால் பணம் நம் கணக்கிலிருந்து போய்விடும்.

ஒரு தனிநபர் இன்னொரு தனிநபரிடம் யூபிஐயில் 'பணம் அனுப்பு' என்று கோரிக்கை விடும் வசதியை இந்தத் தொல்லைக்காகவே என்பிசிஐ 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. க்யூஆர் கோடு தந்திரமும் போலி ஸ்கிரீன்ஷாட்டும் இன்னும் இருக்கின்றன. 'ரூ. 8,000 கிரெடிட்' என்று வரும் குறுஞ்செய்தி சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து வந்தால் அது வங்கி அனுப்பியதல்ல. வங்கி ஆப்பில் இருப்பைப் பார்த்த பிறகுதான் சாமான் வாசலைத் தாண்ட வேண்டும். 'தெரியாமல் கூடுதலாக அனுப்பிவிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள்' என்பதும் இதே வகைதான். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் நிறுத்த வாய்ப்பு உண்டு.

8. சின்னப் பொருளை வீட்டில் வைத்துக் கைமாற்ற வேண்டாம். பகல் நேரத்தில் பஸ் ஸ்டாண்டு, வங்கி வாசல், தெரிந்த கடை போதும். பெரிய சாமானைப் பார்க்க வீட்டுக்கு வரத்தான் வேண்டுமென்றால் அக்கம்பக்கத்தில் ஒருவரை வரச் சொல்லி வையுங்கள். தனியாக இருக்கும் பெண்கள் முகவரியைக் கடைசிவரை தர வேண்டியதில்லை, தெரு திரும்பும் முக்கு வரை சொன்னால் போதும்.

9. வண்டி வாடகை யாருடையது, ஏற்றுக்கூலி யாருடையது என்பதை விலை பேசும்போதே பேசிவிடுங்கள். தமிழ்நாட்டிலிருந்து வருபவருக்குக் கேரளத்துச் சுமட்டுத் தொழிலாளர் முறை தெரியாது. சுமை ஏற்றுபவர்கள் வந்து நின்று கூலி கேட்டால் திகைத்துப்போவார், பேரமே முறியும். வேலை செய்யாமல் கேட்கும் நோக்குகூலியை 2018 மே 1 முதல் கேரள அரசு தடை செய்திருக்கிறது. ஆள் வைத்து ஏற்றினால் என்ன கூலி என்று முதலிலேயே கேட்டு, வருபவரிடம் சொல்லிவிட்டால் தகராறு இல்லை. ஃபிரிட்ஜை நிறுத்தியே கொண்டுபோகச் சொல்லுங்கள். போடிமெட்டு வளைவுகளில் சாய்த்துப் படுக்கவைத்துக் கொண்டுபோனால், இறக்கிய பின் சில மணி நேரம் நிறுத்தி வைத்துத்தான் ஸ்விட்ச் போட வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் மறுநாள் காலை 'கூலிங் இல்ல' என்று போன் வரும்.

10. பைக், கார், ஜீப் விற்கும்போதுதான் எல்லைப் பகுதிக்காரர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். சித்தூரின் கே.எல். 70, தேவிகுளத்தின் கே.எல். 68, உடும்பஞ்சோலையின் கே.எல். 69 வண்டிகள் பொள்ளாச்சிக்கும் போடிக்கும் கை மாறுவது இங்கே சாதாரணம். பணம் கொடுத்து, ஆர்சியும் சாவியும் வாங்கிக்கொண்டு, 'பேர் மாத்திக்கிறேன்' என்று போய்விடுவார்கள். பெயர் மாறாத வரை சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் நீங்கள்தான். பலமுறை கைமாறிய ஒரு கார் விபத்தில் சிக்கிய வழக்கில், ஆர்டிஓ பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்புச் சொன்னது. கேரளத்தில் 2023 ஜூன் முதல் ஏஐ கேமராக்கள் அபராதம் போடுகின்றன. ஹெல்மெட் போடாமல் போனது யாராக இருந்தாலும் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கே வரும்.

அதனால் படிவம் 29, 30-இல் வாங்குபவர் போட வேண்டிய கையெழுத்தை உங்கள் கண் முன்னே வாங்குங்கள். வெற்றுப் படிவத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். கேரளத்துக்குள்ளேயே விற்றால் 14 நாளுக்குள் விற்றவர் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம். வேறு மாநிலம் போகிறதென்றால் படிவம் 28-இல் என்ஓசி வாங்க வேண்டும், அதற்கான கெடு 45 நாள். அபராத பாக்கி இருந்தால் முதலில் கட்டுங்கள். கடன் முடிந்த வண்டி என்றால் படிவம் 35 கொடுத்து ஆர்சியிலிருந்து ஃபைனான்ஸ் பெயரை நீக்குங்கள். தமிழ்நாட்டில் மறுபதிவுக்கு வரி கட்ட வேண்டியிருக்கும் என்பதை வாங்குபவரிடம் மறைக்காதீர்கள், அந்தச் செலவுக்குப் பயந்துதான் பலர் பெயர் மாற்றாமலே ஓட்டுகிறார்கள். விலையில் ஒரு பகுதியைப் பெயர் மாற்றம் முடிந்த பிறகு வாங்கிக்கொள்வதாகப் பேசுவது எனக்குத் தெரிந்து நல்ல வழி. பழைய வண்டி டீலரிடம் கொடுத்தாலும், அவர் பதிவு பெற்ற டீலரா என்று பாருங்கள். வண்டியை ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் பரிவாஹன் தளத்தில் தெரிவிக்கும் வசதி 2023 ஏப்ரல் முதல் இருக்கிறது. தளத்தில் செய்ய வராதவர்களுக்குப் பக்கத்து அக்ஷயா சென்டர் உதவும்.

11. போனை விற்குமுன் கூகுள் கணக்கை நீக்கிவிட்டுத்தான் ரீசெட் செய்ய வேண்டும். வரிசை மாறினால் வாங்கியவருக்குப் போன் திறக்காமல் போகலாம். ஐபோனில் 'ஃபைண்ட் மை' வசதியை அணைக்க வேண்டும். ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணை எழுதி, தேதி போட்டு, வாங்குபவர் கையெழுத்துடன் ஒரு ரசீது வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் போன் நாளை ஏதாவது குற்றத்தில் சிக்கினால், அன்றைக்கு அது உங்களிடம் இல்லை என்று காட்ட அந்தச் சீட்டு உதவும்.

12. கல்பாத்தி போன்ற அக்ரஹார வீடுகளைக் காலி செய்யும்போது உருளி, குத்துவிளக்கு, பித்தளைப் பானை எல்லாம் வெளியே வரும். உருளியின் எடையையும் வாய் அகலத்தையும் அளந்து எழுதுங்கள், பித்தளையா வெண்கலமா என்றும் சொல்லுங்கள். அன்றைய பழைய பித்தளை, வெண்கல விலையைக் கடையில் கேட்டுக்கொள்ளாமல் கிலோ கணக்கில் கொடுக்க ஒப்புக்கொள்ள வேண்டாம். நூறு வருடம் தாண்டிய சிலை, ஓவியம் போன்றவை 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், பதிவு செய்ய வேண்டியவையும் அதில் உண்டு. விசாரிக்காமல் அவற்றை விளம்பரத்தில் போடக் கூடாது. எஸ்டேட் பங்களா சுவரில் மாட்டிய மான் கொம்பு, யானைத் தந்தம் எதையும் விற்கவே கூடாது. மறையூர்ப் பக்கத்துச் சந்தனக்கட்டைக்கும் இதுவே.

13. கேஸ் சிலிண்டரை அடுப்போடு சேர்த்து விற்காதீர்கள். கனெக்ஷனை ஏஜென்சியில் ஒப்படைத்தால் டெபாசிட் திரும்பக் கிடைக்கும். மானியத்தில் வாங்கிய மருந்து தெளிப்பான், பவர் டில்லர் போன்றவற்றை விற்குமுன் கிருஷிபவனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

14. ரிட்டையர் ஆகி லயத்தைக் காலி செய்து ஊருக்குப் போகும் தோட்டத் தொழிலாளிக்குக் கடைசி வாரம்தான் நெருக்கடி. கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாவற்றையும் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள், அது தெரிந்தே அந்த வாரத்தில் வரும் வியாபாரிகளும் உண்டு. இரண்டு மூன்று மாதம் முன்பே பெரிய சாமான்களுக்கு விளம்பரம் போட்டு, 'இந்தத் தேதிக்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்' என்று எழுதலாம். போன் சரியாகக் கிடைக்காத டிவிஷன் என்றால் கீழே ஊரில் இருக்கும் மகன் அல்லது மருமகன் நம்பரைக் கொடுப்பது மேல். பீரோ, இரும்புக் கட்டில் மலை இறங்கினாலும் தாங்கும். மரத்தூள் பலகையில் செய்த அலமாரியைக் கழற்றி மாட்டினால் தாங்காது, அதைப் பக்கத்து லயத்திலேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

15. விற்றதும் விளம்பரத்தை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மாதக்கணக்கில் போன் அடிக்கும். இரண்டு மாதம் ஆகியும் போகாத பொருளின் விலையைக் குறைத்துப் புதுப் படத்துடன் மறுபடி போடுங்கள். பெட்டி டிவி, ஓடாத மிக்ஸி போன்றவற்றுக்கு ஆன்லைனில் ஆள் கிடைக்காது. வார்டில் ஹரித கர்ம சேனாவினர் மின்கழிவு எடுக்க வரும் நாளைக் கேட்டு அவர்களிடம் ஒப்படைத்துவிடுங்கள்.