கூரைமேல் ஒரு மின்நிலையம்

ஞாயிற்றின் ஒளியை மின்சாரமாக மாற்றுவது சூரிய மின்தகடு. சென்னைப் புறநகரில் 1 கிலோவாட் திறனுள்ள தகடுகள் நாளொன்றுக்குச் சராசரியாக 4 அலகு மின்சாரம் தரும்.

ஒளி மிகுந்தால் மின்சாரம் மிகும். வெப்பம் மிகுந்தால் குறையும். தகட்டின் திறன் 25 பாகை செல்சியசில் கணக்கிடப்படுகிறது. அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் சிலிக்கான் தகடு ஏறத்தாழ 0.4 விழுக்காடு திறனை இழக்கும். கோடை நண்பகலில் தகடு 65 பாகையை எட்டினால் இழப்பு 16 விழுக்காடாகும். ஆகவே, தகட்டுக்கும் தளத்துக்கும் இடையே காற்றோட்டம் வேண்டும்.

மின்வாரியக் கம்பியோடு மட்டும் இணைந்த அமைப்பு, வெயில் காய்ந்தாலும் மின்தடையின்போது நின்றுவிடும். கம்பியைப் பழுதுபார்க்கும் பணியாளர்மீது மின்சாரம் பாயாதிருக்கவே இவ்வேற்பாடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னைப் புறநகர்கள் பல, நாள்கணக்கில் இருளில் கிடந்தன. அத்தகைய வேளையில், கம்பியிலிருந்து வீட்டைத் துண்டித்துக்கொண்டு, சேமித்த மின்சாரத்தைத் தருவது மின்கலத்துடன் கூடிய அமைப்பே. 5 அலகு சேமிக்கும் மின்கலம், இரு மின்விசிறிகளையும் நான்கு விளக்குகளையும் இரவு முழுவதும் இயக்கும். குளிர்சாதனத்தை இயக்கினால் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மின்கலத்தின் ஆயுளையும் வெப்பம் குறைக்கும். அதனை நிழலும் காற்றும் உள்ள இடத்தில் வைத்தல் நன்று.

மழைநீரைத் தேக்க ஏரி கண்டவர் நம் முன்னோர். பகலொளியைத் தேக்கி இரவுக்கு வைப்பதும் அம்மரபின் தொடர்ச்சியே.

சிந்திக்க: மின்தடையின்போது உங்கள் வீட்டிற்கு இன்றியமையாத மின்கருவிகள் எவை? ஓர் இரவுக்கு அவற்றிற்குத் தேவைப்படும் மின்சாரத்தைக் கணக்கிடுக.