பின்னால் வந்தவருக்கு முன்னால் இடமா?

கேள்வி: பல்கலைக்கழக கிளஸ்டரில் நான் கொடுத்த வேலை இரண்டு நாளாக வரிசையில் கிடக்கிறது. நேற்று கொடுத்த சக மாணவரின் வேலை முடிந்தே விட்டது. இதிலும் சிபாரிசா?
- ஆய்வு மாணவர், திருச்சி

பதில்: சிபாரிசு இல்லை, கணக்குதான். திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் தொடங்கப்பட்ட 838 டெராஃப்ளாப்ஸ் திறனுள்ள 'பரம் பொருள்' மீக்கணினி ஆகட்டும், அமெரிக்காவின் 'ஃபிரான்டியர்' ஆகட்டும், யாருடைய வேலை எப்போது ஓடும் என்பதை ஒரு மென்பொருளே தீர்மானிக்கிறது. பரவலாகப் பயன்படுவது 'ஸ்லர்ம்'.

பத்து கணு (கிளஸ்டரில் உள்ள தனித்தனிக் கணினி) கேட்ட ஒரு பெரிய வேலை காத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏழு காலி, மீதி மூன்று விடுபட நான்கு மணி நேரமாகும். அதுவரை அந்த ஏழும் சும்மா கிடக்க வேண்டுமா? மூன்று மணி நேரத்தில் முடியும் என்று எழுதிக் கொடுத்த சின்ன வேலையை ஸ்லர்ம் அந்த இடைவெளியில் நுழைத்துவிடும். பெரிய வேலைக்கு இதனால் ஒரு நிமிடமும் தாமதமில்லை. "எதற்கும் இருக்கட்டும்" என்று 48 மணி நேரம் கேட்டவர் நுழைய முடியாது.

இன்னொன்று, சமபங்கு விதி. அண்மையில் நிறைய ஓட்டியவரின் முன்னுரிமை தானாகக் குறையும். பல இடங்களில் ஆய்வுக்குழு முழுவதற்கும் ஒரே கணக்கு. கூட இருப்பவர் ஓட்டித் தள்ளியதும் அதில் சேரும்!

இடைவெளியில் நுழைய வேண்டும் என்பதற்காக நேரத்தை ரொம்பவும் குறைத்துக் கேட்கக் கூடாது. கெடு முடிந்ததும் வேலை பாதியில் நிறுத்தப்படும். கேட்ட நினைவக அளவை மீறினாலும் அதே கதிதான்.

முடிந்த வேலைகளுக்குக் கேட்டது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்ற கணக்கு ஸ்லர்மிலேயே இருக்கும். அதைப் பார்த்து, கால் பங்கு கூட்டி அடுத்த முறை கேளுங்கள். பொறுமையிழந்து லாகின் கணுவில் மட்டும் ஓட்டிவிடாதீர்கள். அது எல்லோரும் நுழையும் வாசல்.