புளோயர் விட்டுவிட்டு ஓடினால்: லாரி எலக்ட்ரிக் வேலை பழகும் தம்பிகளுக்கு

நாமக்கல் பக்கத்திலிருந்து என்.எச். 44 பிடித்து வரும் டிரைவருக்கு ஊரில் ஹீட்டர் ஞாபகமே வராது. ஜனவரியில் டெல்லிக்குள் நுழைந்ததும்தான் அந்த சுவிட்சைத் தேடுவார். இரவில் வெப்பம் நாலைந்து டிகிரிக்கு இறங்கிவிடும். மயூர் விஹாரை ஒட்டிப் போகும் என்.எச். 9-இல் வெளியே பனிமூட்டம். முன்கண்ணாடியில் உள்ளேயும் ஆவி படிந்தால் ரோடே தெரியாது. அந்த ஆவியைப் போக்குவது புளோயர் காற்றுதான்; அதைச் சொகுசு என்று நினைக்காதே. 2025 முதல் புது லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயமாகிவிட்டது. ஏசிக்கும் புளோயர் வேண்டும் என்பதால் இந்த வேலை இனி நிறைய வரும்.

1. ஸ்பேனரை எடுக்குமுன் டிரைவரிடம் கேள்: “அண்ணே, எப்போ நிக்குது? பள்ளத்துல இறங்கினாலா? கொஞ்ச நேரம் ஓடினப்புறமா? எல்லா ஸ்பீடுலயுமா?” எங்கே கை வைப்பது என்பது அவர் பதிலிலேயே பாதி தெரிந்துவிடும்.

2. காற்று வருகிறது, சூடு மட்டும் இல்லை என்றால் புளோயரைத் தொடாதே. கூலன்ட் குறைந்திருக்கும், தெர்மோஸ்டாட் மூடாமல் நிற்கும், அல்லது ஹீட்டர் கோர் அடைத்திருக்கும். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே.

3. கடைசி ஸ்பீடில் மட்டும் ஓடினால் முதலில் ரெசிஸ்டரைப் பார். கடைசி ஸ்பீடில் கரண்ட் அதன் வழியாகப் போவதில்லை. மற்றவை ஓடி, கடைசி ஸ்பீடு மட்டும் ஓடாவிட்டால் ரிலே, சுவிட்ச், அந்த ஸ்பீடுக்குப் போகும் வயர் ஆகியவற்றைப் பார்.

4. எல்லா ஸ்பீடிலும் விட்டுவிட்டு ஓடினால், நிற்கும் நேரத்தில் பிடி. ஓடிக்கொண்டிருக்கும்போது எதைச் சோதித்தாலும் நன்றாகத்தான் இருக்கும். நின்றதும், கனெக்டரைக் கழற்றாமல், மோட்டாரின் இரண்டு வயருக்கும் நடுவே 24 வோல்ட் பல்பை வை. பளிச்சென்று எரிந்தால் கோளாறு மோட்டாரில். லேசாகத் தட்டினால் சுற்றுகிறதா? கார்பன் தேய்ந்திருக்கும். தட்டி ஓடவைத்து அனுப்பிவிடாதே, அடுத்த டோல்கேட்டில் நின்றுவிடும்.

5. பல்பு மங்கலாக எரிந்தால் மோட்டாரை விட்டுவிட்டு வயரைப் பார், முதலில் எர்த்தை. ஃபுல் ஸ்பீடில் போட்டு, மீட்டரின் ஒரு முனையை மோட்டாரின் எர்த் வயரிலும் மறுமுனையை பேட்டரி நெகடிவிலும் வை. அரை வோல்ட்டைத் தாண்டினால் நடுவில் எங்கோ துருவோ லூசோ இருக்கிறது. போல்ட்டைக் கழற்றி, பெயின்ட் போகத் தேய்த்து, இறுக்கு.

6. கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பார். பிளாஸ்டிக் பழுப்பேறி, கருகிய வாடை அடித்தால் பின் லூசாகிச் சூடேறியிருக்கிறது. ஆண், பெண் இரண்டு பக்கமும் மாற்று. முறுக்கி டேப் சுற்றுவது ரிப்பேர் ஆகாது.

7. ரெசிஸ்டர் எரிந்திருந்தால், ஏன் எரிந்தது என்று கேள். புளோயர் காற்றுதான் அதைக் குளிர்விக்கிறது. டெல்லி காஜிப்பூர் கோழி மண்டிக்குப் போய்வரும் வண்டியில் காற்று இழுக்கும் வாயைத் திறந்து பார். இறகும் தூசியும் சேர்ந்து காற்றை அடைத்திருக்கலாம். விசிறியைக் கையால் சுற்று. கனத்தால் பேரிங் போய்விட்டது. மோட்டார் அதிக கரண்ட் இழுத்துப் புது ரெசிஸ்டரையும் எரித்துவிடும்.

8. ஃபியூஸ் போனால் அதே ஆம்பியரில் போடு. கம்பி சுற்றாதே, பெரிய ஃபியூஸ் போடாதே. போட்டால் டாஷ்போர்டுக்குள் வயர் எரியும்; டிரைவர் தூங்குவது அதே கேபினில்தான்.

9. அன்றைக்கு வேலை முடியாவிட்டால், முடியவில்லை என்று நேராகச் சொல். புளோயர் இல்லாத ராத்திரியில் கேபினைச் சாத்திக்கொண்டு அங்கீட்டி என்னும் அடுப்பில் கரி மூட்டுபவர்கள் உண்டு. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். ஒரு ரஜாய் (பஞ்சுப் போர்வை) வாங்கிக்கொள்ளச் சொல், கண்ணாடி தெளியாமல் வண்டியை எடுக்க வேண்டாம் என்றும் சொல். இதைச் சொல்லாமல் எந்த டிரைவரையும் அனுப்பாதே.