ஜெட் எழும்பும் தூரம்: கமுதி வெயிலில் ஒரு கணக்கு

யுத்த விமானங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எஞ்சினின் பலத்தை மட்டும் புகழ்ந்துவிட்டு மற்றவற்றை மறந்துவிடுவது பெரும்பாலோர் வழக்கம்; ஆயினும், குண்டுகளையும் எரிபொருளையும் சுமந்த ஒரு ஜெட் விமானம் தரையை விட்டுக் கிளம்ப எத்தனை தூரம் ஓட வேண்டும் என்பதை அந்தப் பலமொன்றே நிர்ணயிப்பதில்லை; எடையும் காற்றின் உஷ்ணமும் அதில் சரிபங்கு கேட்கின்றன. கமுதியில் பௌதிகம் படிக்கும் மாணவன் பென்சிலும் காகிதமும் கொண்டே இதைக் கணக்கிட்டுவிடலாம். விமானியின் கையேட்டு அட்டவணைகளுக்கு இது ஈடாகாது என்றாலும், காரண காரியங்களை விளங்கிக்கொள்ள இது போதும்.

நம் மாவட்டத்து உச்சிப்புளியிலுள்ள கடற்படைத் தளமான ஐ.என்.எஸ். பருந்தில் ஹெலிகாப்டர்களையும் ஆளில்லா விமானங்களையும் காணலாம். தாக்குதல் ஜெட்டுகளுக்கோ, 2020 ஜனவரியில் சுகோய்-30 எம்.கே.ஐ. விமானங்களைக் கொண்ட 222-ஆம் படைப்பிரிவு நிலைகொண்ட தஞ்சாவூரைத்தான் நாட வேண்டும். எனினும் உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொள்வது, 1979 முதல் நம் விமானப்படையில் பணிபுரியும் ஜாகுவார். பலம் குறைந்த எஞ்சினிலேதான் கணக்கின் சூட்சுமங்கள் தெளிவாகப் புலப்படும்.

முதற்படி, உந்துவிசையை எடையால் வகுப்பது. ஜாகுவாரின் அடூர் 811 எஞ்சின்கள் இரண்டும் ஆஃப்டர்பர்னரை மூட்டிய நிலையில் ஏறத்தாழ 7,620 கிலோகிராம் விசை தரும். முழுச் சுமையோடு விமானத்தின் எடை 15,700 கிலோ. வகுத்தால் 0.49-க்குச் சற்றுக் குறைவு. சுகோய்க்கு இதே கணக்கு 25,000-ஐ 38,800-ஆல் வகுக்க 0.64 ஆகிறது. பூமி உருண்டையாக இருப்பதால்தான் ஜாகுவார் மேலெழும்புகிறது என்று பிரிட்டிஷ் விமானிகள் கேலி பேசியதன் இரகசியம் இந்த வித்தியாசத்தில் அடங்கியிருக்கிறது.

இரண்டாவது, சக்கரங்களின் உராய்வையும் காற்றின் எதிர்ப்பையும் கழிப்பது. சராசரியாக எடையில் 0.07 பங்கு என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சியதை 9.8-ஆல் பெருக்கினால் முடுக்கம் கிடைக்கும்: விநாடிக்கு விநாடி 4.07 மீட்டர்.

மூன்றாவது, கிளம்பும் வேகத்தின் வர்க்கத்தை முடுக்கத்தின் இருமடங்கால் வகுப்பது. விநாடிக்கு 90 மீட்டர் வேகத்தில் சக்கரங்கள் தரையை விடுவதாகக் கொண்டால், 8,100-ஐ 8.14-ஆல் வகுக்க ஏறத்தாழ 1,000 மீட்டர் வருகிறது. ஆனால் இது 15 பாகை உஷ்ணத்தில், கடல் மட்டத்தில், காகிதத்தின் மேல் கிடைத்த தூரம்.

இனி நான்காவது படி. நம் சீமைக்கு முக்கியமானதும் இதுவே. அக்கினி நட்சத்திர நாளொன்றில் நிழலிலேயே 40 பாகை காய்கிறது என்று கொள்ளுங்கள். இரு உஷ்ணங்களோடும் 273-ஐக் கூட்டி, 288-ஐ 313-ஆல் வகுத்தால் 0.92, அதாவது, காற்றின் அடர்த்தி நூற்றுக்கு எட்டுப் பங்கு குறைந்துவிட்டது. மெலிந்த காற்று இறக்கையைத் தாங்க வேண்டுமானால் விமானம் இன்னும் வேகமாக ஓட வேண்டும். ஆகவே வேகத்தின் வர்க்கம் சுமார் 8,800 ஆகிறது. அதே மெலிந்த காற்றை உள்வாங்கும் எஞ்சினும் தளர்கிறது. உந்துவிசை பத்தில் ஒரு பங்கு குறைவதாக எடுத்துக்கொண்டால் முடுக்கம் 3.6-க்கு இறங்குகிறது. வகுத்துப் பாருங்கள்: 1,220 மீட்டர்! ஒரே வெயில் இரண்டு பக்கமும் அடிக்கிறது. கமுதிக்கு அருகே 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைந்ததால் வெயில் நமக்கு வரமாகிவிட்டதென்று மகிழ்கிறோம். அந்தத் தகடுகளுக்கும் வேண்டியது ஒளிதானே தவிர உஷ்ணமன்று, சூடேறினால் அவற்றின் உற்பத்தியும் குறையவே செய்யும்.

இழந்த 220 மீட்டரை மீட்பது எப்படி? எஞ்சினை மாற்றலாம் என்பது முதலில் தோன்றும் யோசனை. ஜாகுவாருக்கு ஹனிவெல் நிறுவனத்தின் எஃப்-125 எஞ்சினைப் பொருத்த நம்மவர்கள் நெடுங்காலம் ஆலோசித்து, செலவு மிகுந்தமையால் 2019-இல் அதைக் கைவிட்டார்கள். எடையைக் குறைப்பதுதான் கைக்கெட்டிய உபாயம். பத்தில் ஒரு பங்கை, அதாவது 1,570 கிலோவை இறக்கிவிட்டுக் கணக்கிட்டால், கிளம்பும் வேகமும் தாழ்கிறது, முடுக்கமும் உயர்கிறது. அதே 40 பாகை வெயிலில் தூரம் சுமார் 970 மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. இறக்குவது ஆயுதமாக இருந்தால் புறப்பட்ட காரியமே கெடும். எரிபொருளில் ஒரு பகுதியை விட்டுவிட்டுக் கிளம்பி, வானத்தில் ஐ.எல்.-78 டாங்கர் விமானத்திடமிருந்து நிரப்பிக்கொள்வது விவேகமான வழி. தஞ்சாவூர் சுகோய் சுமக்கும் பிரம்மோஸ் ஏவுகணை ஒன்றே 2,500 கிலோ என்பதை நினைத்தால், இந்த ஏற்பாட்டின் அருமை விளங்கும்.

காற்றையும் கணக்கில் சேருங்கள். எதிர்க்காற்று விநாடிக்கு 10 மீட்டர் வீசினால், கிளம்பும் வேகத்திலிருந்து அந்தப் பத்தைக் கழித்துவிட்டு வர்க்கம் காண வேண்டும். சுமை குறைக்காமலே தூரம் 980 மீட்டருக்கு வந்துவிடும். பின்காற்றாயின் அதே பத்தைக் கூட்ட வேண்டும். அதன் விளைவை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கிடைத்த தூரத்தை ஓடுபாதையின் நீளத்தோடு ஒப்பிட்டு, போதும் என்று எழுந்துவிடாதீர்கள். பாதி ஓட்டத்தில் ஓர் எஞ்சின் அவிந்தால் எந்த வேகம்வரை ஓட்டத்தைக் கைவிட்டு நிற்க இயலும் என்பதையும் முன்கூட்டியே குறித்தாக வேண்டும். அந்த வேகத்தின் வர்க்கத்தை பிரேக் தரும் எதிர்முடுக்கத்தின் இருமடங்கால் வகுத்து, அதுவரை ஓடிய தூரத்தோடு கூட்டினால் நிற்குமிடம் தெரியும். ஜாகுவாரின் வாலில் இருக்கும் பாராசூட்டையும் கொக்கியையும் இந்தக் கூட்டலில் சேர்க்காமல் விடுவதே உசிதம்.