இருநூறு குதிரைகளும் ஒரு பயணியும்

நம் விடுதிகளில் இரவு உணவுக்குப் பின் நடக்கும் பேச்சுகளில் மோட்டார் சைக்கிள் இடம்பெறாத நாள் அரிது. அண்மையில் நம் சங்கத்து நண்பர் சிலர் ஒரு வினாவை எழுப்பினர். "கவாசாகி நிறுவனம் சூப்பர்சார்ஜர் பொருத்தி, நெடும்பயணத்திற்கென்றே ஒரு வண்டி செய்திருக்கிறதே, அதன் ஆற்றல் 200 குதிரைத்திறனாமே! பயணம் செய்வதற்கு அத்தனை ஆற்றல் எதற்கு?" என்பது அவ்வினா. வியந்து பாராட்டுவதும் எளிது. வீண் ஆடம்பரம் என்று தள்ளிவிடுவதும் எளிது. இரண்டையும் விடுத்து, கணக்குப் போட்டுப் பார்ப்பதே மாணவர்க்கு அழகு. ஆகவே அவ்வண்டியை எடைபோடும் முறையை இங்குச் சுருங்கக் காண்போம்.

பிறப்பும் பெயரும்

இவ்வண்டியின் பெயர் நிஞ்சா எச்2 எஸ்எக்ஸ். 2017ஆம் ஆண்டு நவம்பரில் இத்தாலி நாட்டு மிலான் நகரக் கண்காட்சியில் இது வெளியிடப்பட்டது. இதற்கு மூத்தவை இரண்டு உண்டு. 2014இல் வெளிவந்த நிஞ்சா எச்2 சாலைக்குரியது; எச்2ஆர் பந்தயத் தளத்துக்கு மட்டுமே உரியது. 2016ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாள் துருக்கியிலுள்ள உஸ்மான் காசி பாலத்தின் மேல் கெனான் சோபுவோலு என்னும் பந்தய வீரர் எச்2ஆர் வண்டியை மணிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக் காட்டியதைச் செய்திகளில் கண்டிருப்பீர்கள். அந்தக் குடும்பத்தின் பயணப் பிள்ளையே எஸ்எக்ஸ்.

இருசக்கர வண்டிக்குக் காற்றை அழுத்தி ஊட்டுவது புதுமையன்று. 1937இல் எர்ன்ஸ்ட் ஹென்னே என்பார் சூப்பர்சார்ஜர் பொருத்திய 500 சி.சி. பிஎம்டபிள்யூ வண்டியில் மணிக்கு ஏறத்தாழ 279 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார். 1939இல் மான் தீவுப் போட்டியில் ஜார்ஜ் மையர் வென்றதும் அத்தகைய வண்டியிலேயே. போருக்குப் பின், 1946இல், உலகப் போட்டிகளில் இக்கருவி தடை செய்யப்பட்டது. தடை வந்ததும் ஆராய்ச்சியும் அடங்கிற்று. 1980களின் முற்பகுதியில் ஹோண்டா, யமகா, சுசுகி, கவாசாகி ஆகிய நான்கு நிறுவனங்களும் டர்போ வண்டிகளைச் செய்து பார்த்தன. கைப்பிடியைத் திருகிய பின் சற்றுத் தாமதித்தே ஆற்றல் பிறந்தது அவற்றின் குறை. வளைவின் நடுவே எதிர்பாராமல் ஆற்றல் பீறிட்டால் ஓட்டுபவன் கதி என்னாவது? அவ்வண்டிகள் நெடுநாள் நிலைக்கவில்லை.

காற்றை ஊட்டும் கருவி

பொறி என்பது பெட்ரோலை எரிக்கும் கருவி என்கிறோம். உண்மையில் அது காற்றை விழுங்கும் கருவி என்பதே பொருந்தும். பெட்ரோலை வேண்டிய அளவு தெளித்துவிடலாம். அதை எரிக்கத் தேவையான காற்றை உருளைக்குள் அடைப்பதே அரிது. உருளையின் அளவைப் பெருக்குவது ஒரு வழி. சுழற்சியை விரைவாக்குவது மற்றொரு வழி. காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவது மூன்றாம் வழி. இந்த மூன்றாம் வழியே சூப்பர்சார்ஜர்.

டர்போவை இயக்குவது புகைக் காற்று. சூப்பர்சார்ஜரை இயக்குவதோ பொறியின் சுழல்தண்டே. பற்சக்கரங்களால் நேரே பிணைக்கப்பட்டிருப்பதால் முன்சொன்ன தாமதம் பெரும்பாலும் நீங்குகிறது. எச்2 வண்டியில் சுழல்தண்டின் ஓட்டம் முதலில் 1.15 மடங்காகவும், பின்னர்க் கோளமைப்புப் பற்சக்கரங்களால் 8 மடங்காகவும் பெருக்கப்படுகிறது. இரண்டையும் பெருக்கினால் 9.2 மடங்கு. பொறி நிமிடத்திற்கு 14,000 சுற்றுச் சுழலும்போது காற்றுச் சக்கரம் ஏறத்தாழ 1,29,000 சுற்றுச் சுழலும். அச்சக்கரத்தின் விட்டம் 69 மில்லிமீட்டர். நம் உள்ளங்கைக்குள் அடங்குவது. ஆயினும் அதன் விளிம்பு விநாடிக்கு ஏறக்குறைய 465 மீட்டர் விரைகிறது. ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் என்பதை நினைத்துப் பாருங்கள்! இத்தகைய சக்கரத்தைச் செய்வதற்குக் கவாசாகியின் வாயுச்சுழலிப் பிரிவும் வானூர்திப் பிரிவும் கைகொடுத்தன.

ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. காற்றை அழுத்தினால் அது சூடேறும். 27 பாகை வெப்பமுள்ள காற்றை வளிமண்டல அழுத்தத்தைப் போல் 2.4 மடங்குக்கு அழுத்தினால், ஒரு சிறிதும் இழப்பில்லாத கருவியிலும், வெப்பம் 110 பாகைக்கு மேல் ஏறிவிடும் என்று வெப்பவியல் கணக்குக் கூறுகிறது. சூடேறிய கலவை தீப்பொறிக்குக் காத்திராமல் தானே வெடித்து 'தட்டல்' உண்டாக்கலாம். அது பிஸ்டனையே அழிக்கும். எச்2 வண்டியின் அமுக்க விகிதத்தை 8.5 என்ற குறைந்த அளவில் வைத்ததற்குக் காரணம் இதுவே.

பயண வண்டியான எஸ்எக்ஸில் அமுக்க விகிதம் 11.2. ஏன் இந்த மாற்றம்? அமுக்க விகிதம் உயர்ந்தால், சிறிதளவே திருகி ஓட்டும்போது எரிபொருளின் பயன் கூடுகிறது. நெடுவழியில் நாள் முழுதும் ஓடும் வண்டி பெரும்பொழுது அப்படித்தான் ஓடுகிறது. ஆகவே உச்ச ஆற்றலில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்துச் சிக்கனத்தையும் தாழ்ந்த சுழற்சியில் இழுக்கும் வலிமையையும் பெற்றனர். பொறியியல் என்பது இத்தகைய விட்டுக்கொடுத்தல்களின் கலை என்பதை மாணவர் மனத்திற் கொள்க.

ஒப்பிட்டு நோக்கல்

இனி எண்களைப் பார்ப்போம். 2018ஆம் ஆண்டு எஸ்எக்ஸின் பொறி 998 சி.சி.; ஆற்றல் 200 குதிரைத்திறன்; முறுக்குவிசை 137.3 நியூட்டன் மீட்டர். எரிபொருளுடன் எடை 256 கிலோ. அதே நிறுவனத்தின் சூப்பர்சார்ஜர் இல்லாத பயண வண்டியான நிஞ்சா 1000 எஸ்எக்ஸ் 1043 சி.சி.; 142 குதிரைத்திறன்; 111 நியூட்டன் மீட்டர்; 235 கிலோ. சுசுகி நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு ஹயபுசா 1340 சி.சி.; 190 குதிரைத்திறன்; 150 நியூட்டன் மீட்டர்; 264 கிலோ.

முறுக்குவிசையைப் பொறியின் கொள்ளளவால் வகுத்துப் பாருங்கள். ஒரு லிட்டருக்கு நிஞ்சா 1000 தருவது சுமார் 106, ஹயபுசா 112, எச்2 எஸ்எக்ஸ் 137க்கு மேல். பிற இரண்டும் ஏறத்தாழ ஒரே படியில் நிற்க, இது மட்டும் மேலே ஏறி நிற்கிறது. அந்த இடைவெளிதான் சூப்பர்சார்ஜரின் கைவண்ணம்.

எத்தனை குதிரைகள் வேண்டும்?

சமதரையில் ஒரே வேகத்தில் செல்லும் வண்டி பெரும்பாலும் காற்றோடுதான் போராடுகிறது. காற்றின் தடை வேகத்தின் இருபடியாக வளரும். அதை வெல்லத் தேவையான ஆற்றலோ முப்படியாக வளரும். ஒரு வண்டிக்கும் ஓட்டுபவருக்கும் சேர்த்துத் தடைப்பரப்பு 0.35 சதுர மீட்டர் எனக் கொள்வோம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்றை வெல்ல வேண்டியது 6 குதிரைத்திறனே! 200 கிலோமீட்டருக்கு எட்டு மடங்கு, அஃதாவது 49. 300 கிலோமீட்டருக்கு இருபத்தேழு மடங்கு, 165. சக்கரத்தின் உராய்வையும் சங்கிலியின் இழப்பையும் சேர்த்தால் இவை சற்றுக் கூடும். ஆக, 100 கிலோமீட்டர் வேகத்தில் பயணம் செய்பவனுடைய இருநூறு குதிரைகளில் பத்துக் குதிரைகள் உழைக்கின்றன. ஏனையவை இலாயத்தில் உறங்குகின்றன.

"முந்திச் செல்லும்போது அவை விழித்து உதவாவோ?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதையும் கணக்கிடுவோம். இருவரும் மூட்டையுமாக 155 கிலோ ஏற்றி, 80 கிலோமீட்டரிலிருந்து 120 கிலோமீட்டருக்கு வேகத்தைக் கூட்டுவதாகக் கொள்வோம். ஒவ்வொரு வண்டியும் தன் ஆற்றலில் பாதியைப் பயன்படுத்தினால், நிஞ்சா 1000க்குச் சுமார் 2.3 விநாடி, எச்2 எஸ்எக்ஸுக்குச் சுமார் 1.7 விநாடி. காற்றின் தடையைச் சேர்த்தால் இரண்டுமே சற்று நீளும். எனினும் வேறுபாடு ஒரு விநாடிக்கும் குறைவே. அந்த ஒரு விநாடியை நம்பி எதிரே லாரி வரும் சாலையில் முந்த முனைவது அறிவுடைமையாகாது.

அங்ஙனமாயின் இவ்வண்டியால் பயனே இல்லையா? உண்டு. கியரை மாற்றாமலே, பொறியை அலறவிடாமலே, சுமையோடு மலைச்சாலையில் ஏறும் இலகு ஒன்று. ஜெர்மனியின் ஆட்டோபான் சாலைகளில் வேகவரம்பில்லாப் பகுதிகள் உண்டு. அங்கே 200க்கு மேல் நிலையாக ஓடும் திறம் மற்றொன்று. அங்குள்ளவர்க்கு இந்த ஆற்றல் ஓரளவு பொருளுடையது. நம் நாட்டிலோ 2018 ஏப்ரலில் மத்திய அரசு அறிவித்தபடி விரைவுச்சாலையிலும் இருசக்கர வண்டிக்கு உச்சவரம்பு 80 கிலோமீட்டர். எஸ்எக்ஸ் முதல் கியரிலேயே அதைக் கடந்துவிடும்! அதுவுமன்றி, பெங்களூரு – மைசூரு விரைவுச்சாலை போன்ற சிலவற்றின் முதன்மைத் தடத்தில் 2023 ஆகஸ்டு முதல் மோட்டார் சைக்கிளுக்கு இடமே இல்லை.

நிற்பதும் ஓட்டத்தின் பகுதியே

ஆற்றலைப் பேசுவோர் பலர். நிறுத்தத்தைப் பேசுவோர் சிலர். ஆபத்தைக் கண்டு பிரேக்கைத் தொட ஒரு விநாடி ஆகும் என்றும், நல்ல சாலையில் வேகம் விநாடிக்கு 7 மீட்டர் வீதம் குறையும் என்றும் கொள்வோம். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி 57 மீட்டரில் நிற்கும். 160 கிலோமீட்டரில் வருவது 185 மீட்டர் ஓடியே நிற்கும். வேகம் இரு மடங்கு; தூரம் மும்மடங்குக்கும் மேல். எச்2 எஸ்எக்ஸின் முன்சக்கரத்தில் 320 மில்லிமீட்டர் வட்டுகள் இரண்டு உள்ளன. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பும், வழுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கருவியும் உண்டு. 2022ஆம் ஆண்டுப் படைப்பில் முன்வண்டியின் தூரத்தை அளந்து வேகத்தைத் தானே குறைக்கும் ரேடாரும் சேர்ந்தது. இவையெல்லாம் போற்றத்தக்கவை. ஆயினும் சாலைக்கும் ரப்பருக்கும் இடையிலுள்ள பிடிப்பை எக்கருவியாலும் கூட்ட இயலாது. மணல் சிதறிய வளைவில் இருநூறு குதிரையும் பத்துக் குதிரையும் ஒன்றே.

வாங்குபவன் கேட்க வேண்டியவை

இத்தகைய வண்டியை எடைபோடுபவன் தன்னைத்தானே கேட்க வேண்டிய வினாக்கள் சில உள. முதலாவது: நான் ஓட்டும் சாலை எது? இரண்டாவது: என் உயரத்துக்கும் வலிமைக்கும் 256 கிலோவை நின்ற இடத்தில் தாங்கித் திருப்ப இயலுமா? மூன்றாவது: ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்? தொட்டியின் கொள்ளளவு 19 லிட்டர். லிட்டருக்கு 17 கிலோமீட்டர் எனக் கொண்டால் ஏறத்தாழ 320 கிலோமீட்டர் செல்லலாம். நான்காவது: இதற்கேற்ற உயர் ஆக்டேன் பெட்ரோலும், இதை அறிந்த பணிமனையும் வழியில் கிடைக்குமா? ஐந்தாவது: சங்கிலியைத் துடைத்து எண்ணெயிட்டு இறுக்கும் பொறுமை எனக்கு உண்டா? ஆறாவது: விலை. 2018இல் நம் நாட்டிற்கு இது வந்தபோதே 20 இலட்சம் ரூபாய்க்கு மேல். அவ்விலைக்கும் நிஞ்சா 1000இன் விலைக்கும் உள்ள இடைவெளியைக் கொண்டு எத்தனை ஆண்டு பயணம் செய்யலாம் என்று எண்ணிப் பார்ப்பது நலம்.

இவ்வாறிற்கும் நிறைவான விடை உடையவர்க்கு எச்2 எஸ்எக்ஸ் ஒப்பற்ற துணை என்பதில் ஐயமில்லை. அதன் பொறியைப் பொறியியல் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பாடநூலைப்போல் படித்தறிய வேண்டும். ஆனால் படித்து வியப்பது வேறு. வாங்கி ஓட்டுவது வேறு. நம்மில் பலர் வேலைக்குச் சென்று முதல் சம்பளம் வாங்கியதும் தேடுவது ஒரு மோட்டார் சைக்கிளைத்தான். அந்நாளில் விற்பவர் கூறும் பெரிய எண்ணை மட்டும் கேளாமல், நம் சாலை வேண்டும் சிறிய எண்ணையும் நாமே கணக்கிட்டுப் பார்ப்போமாக. ஊரிலுள்ள பெற்றோருக்கு நாம் எத்தனை விரைவாகச் சென்றோம் என்பதைவிட, சென்று சேர்ந்தோம் என்னும் செய்தியே வேண்டியது.